சிறுவர்கள் காத்த நகரம்
டிங்கெல்ஸ்பூல் விழா கற்பிக்கும் வரலாற்றுப் பாடம்

நாம் வாழுகின்ற ஜேர்மனி நாட்டிலே கோடைகாலம் வந்துவிட்டால் வார இறுதி நாட்களில் விழா இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. வாத்திய இசை, ஊர்வலம், உணவுக் கூடாரங்கள் எனத் தெருக்கள் களைகட்டும். எம்மிற் பலர் சற்று நின்று பார்த்துவிட்டுக் கடந்து செல்கின்றோம். ஆயினும் அவற்றுட் சில, ஓர் ஊர் தன் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடங்களாகவே அமைந்துள்ளன. தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பெற்றோரும் மாணவச் செல்வங்களும் அறிந்திருக்க வேண்டிய அத்தகைய விழா ஒன்றை இங்கு எடுத்து நோக்குவோம்.

ஊரும் பேரும்

பவேரிய மாநிலத்தில், வேர்னிட்ஸ் ஆற்றின் கரையில் டிங்கெல்ஸ்பூல் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர். ‘டிங்கெல்’ என்பது கோதுமை இனத்தைச் சேர்ந்த ஒரு தானியம். ‘பூல்’ என்பது சிறு குன்று. நகரச் சின்னத்திலும் மூன்று தானியக் கதிர்கள் காணப்படுகின்றன. ஊரைச் சுற்றி மதிலும், மதிலிலே கோபுரங்களும், நான்கு வாயில்களும் இன்றும் நிலைத்து நிற்கின்றன. நேர்ட்லிங்கன் வாயில், ரோத்தன்பூர்க் வாயில் என்னும் பெயர்களே அவ்வழிகள் எந்த ஊர்களை நோக்கிச் செல்கின்றன என்பதைச் சொல்லிவிடும். பண்டைக் காலத்தில் இது எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்படாமல், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக விளங்கியது.

1632இல் நிகழ்ந்தது

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜேர்மானிய மண்ணைச் சீரழித்தது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற சமயப் பிளவாகத் தொடங்கிய அப்போரில் அயல்நாட்டு மன்னர்களும் பங்குகொண்டனர். சுவீடன் நாட்டின் படை 1632இல் டிங்கெல்ஸ்பூல் நகரை வந்தடைந்தது. நகர மக்களிற் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்தர். ஆட்சி செய்த மன்றமோ கத்தோலிக்கருடையது. நகரம் சரணடைந்தது.

இதன்மேல் எழுந்த கதை பின்வருமாறு: படைத்தளபதி நகரைச் சூறையாடி அழிக்கத் துணிந்தார். மன்றத்துப் பெரியோர் செய்வதறியாது திகைத்தனர். அவ்வேளையில் கோபுரக் காவலரின் மகளாகிய லோரே என்னும் பெண், ஊர்ச் சிறுவர்களை ஒன்றுதிரட்டித் தளபதியின் முன் அழைத்துச் சென்றாள். சிறுவர்களின் பாடலையும் வேண்டுதலையும் கேட்டுத் தளபதி மனமிளகினார்; நகரம் தப்பியது.

விழா நடைபெறும் முறை

இக்கதையை நினைவுகூரும் விழாவே ‘கிண்டர்செஹே’. ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள். ‘செஹே’ என்றால் விருந்துண்ட செலவுக் கணக்கு. ஆண்டுதோறும் யூலை மாதத்தில், இரண்டு வார இறுதிகளை உள்ளடக்கிப் பத்து நாட்கள் இது நடைபெறுகின்றது. லூட்விக் ஸ்டார்க் என்பவர் எழுதிய நாடகம் 1897ஆம் ஆண்டு முதல் விழாவின் நடுநாயகமாக விளங்கி வருகின்றது. நடிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், ஊர் மக்களே. பழங்கால உடையணிந்து ஊர்வலம் செல்வோரிற் பெருந்தொகையினர் சிறுவர்கள். சிறுவர் வாத்தியக் குழுவினர் முழங்கி வருவர். பிள்ளைகளுக்கு இனிப்புகள் நிறைந்த கூம்பு வடிவக் காகிதப் பைகள் வழங்கப்படும். இவ்வாண்டு சிறுவர் கூட்டத்தில் நடந்து வரும் பிள்ளை, வளர்ந்தபின் மன்றத்து உறுப்பினராகவோ போர்வீரனாகவோ வேடம் பூணலாம். மறக்க விடாத கல்விமுறை இது.

கதை எது, வரலாறு எது?

சிறுவர்கள் சென்று நகரைக் காத்தமைக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை என்பது ஆய்வாளர் முடிவு. நகரம் சரணடைந்தது உண்மை. பள்ளி மாணவர்களுக்கு ஊர்ச் செலவில் விருந்தளிக்கும் பழைய பள்ளிவிழா ஒன்று அங்கு இருந்ததும் உண்மை. விழாவின் பெயரில் ‘செலவுக் கணக்கு’ வந்ததன் காரணமும் அதுவே. பள்ளிவிழாவும் போரின் நினைவும் பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்து இக்கதை உருவாயிற்று.

இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கதை பொய்யென்று தள்ளிவிடுவதும் தவறு. கதையையே வரலாறு என்று சாதிப்பதும் தவறு. ஓர் ஊர் எதற்கு அஞ்சியது, எதனைப் பெரிதாக மதித்தது என்பதைக் கதை காட்டும். என்ன நடந்தது என்பதைப் பதிவேடு காட்டும். இரண்டையும் பிரித்தறிந்து, இரண்டையும் பேணுவதே அறிவுடைமை.

கதையிலே இடம்பெறாத ஓர் உண்மையும் உண்டு. 1648இல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டபோது, இந்நகரின் ஆட்சிப் பொறுப்புகள் இரு சமயத்தாருக்கும் சரிசமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எவர் தொகையிற் கூடியவர், எவர் குறைந்தவர் என்று அங்கு கணக்குப் பார்க்கப்படவில்லை. போரினால் நாடிழந்து வந்த எமக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எமது கடமை

எமது ஊர்களிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், எவர் தோரணம் கட்டுவது என்பவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. எழுதாத வரலாறு அது. எழுதிவைத்த வரலாற்றுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஊரும் இல்லை, ஏடும் இல்லை என்ற நிலையில் எஞ்சியிருப்பவை பெரியோரின் நினைவுகளே. அவையும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

ஆதலால் மாணவர்களே, ஒரு கொப்பியை எடுங்கள். அம்மம்மா, அப்பப்பா, தாய், தந்தையரின் ஊர்ப் பெயர் என்ன? அப்பெயர் எவ்வாறு வந்தது? குளம் எது, கோயில் எது, பாடசாலை எது? கேட்டு எழுதுங்கள். ‘கேட்ட கதை’ என ஒரு பக்கமும், ‘ஆண்டோடு அறிந்த செய்தி’ என மறு பக்கமும் வகுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்க இயலாதவர்கள் தொலைபேசியிற் கேளுங்கள். அதேபோல் நீங்கள் பிறந்து வளரும் இந்நாட்டு ஊரின் வாயிலும் வீதியும் ஏன் அப்பெயர் பெற்றன என்றும் விசாரியுங்கள். இரண்டு ஊர்களின் வரலாற்றை அறிந்தவன் எந்த ஊரிலும் அந்நியனாகான்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது “அதெல்லாம் இப்போது எதற்கு?” என்று கூறிவிடாதீர்கள். சனிக்கிழமைதோறும் பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்து வரும் அந்தப் பயண நேரமே ஓர் ஊர்க் கதையைச் சொல்லப் போதுமானது. சிறுவர்கள் ஒரு நகரைக் காத்தார்கள் என்பது கதையாக இருக்கலாம். அந்நகரின் நினைவைச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது கண்கூடான உண்மை. எம் பிள்ளைகளும் அவ்வாறு காப்பதற்கு இன்றே வழிசெய்வோமாக.