நான்கு இறப்பும் பதினான்கு இறப்பும்

மருத்துவ ஆய்வொன்றில் இரு குழுக்களின் இறப்பு வீதங்கள் வேறுபட்டால், அவ்வேறுபாடு மருந்தால் விளைந்ததா, தற்செயலாய் நேர்ந்ததா என்னும் வினா எழும். இதற்கு விடை காணும் முறையை விளக்க, 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான காசநோய் ஆய்வினும் தெளிவான எடுத்துக்காட்டை யான் அறியேன்.

போருக்குப் பிந்திய பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து மிகச் சிறிய அளவே கிடைத்தது. அதனை யாருக்குக் கொடுப்பது? மருத்துவரிடம் அம்முடிவை விட்டிருந்தால், பிழைக்கக்கூடியவர் என்று தாம் நம்பியவரையே தேர்ந்திருப்பார். அது மனித இயல்பு. ஆயினும் ஒப்பீடு கெட்டுவிடும். எனவே புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்து, அவ்வொதுக்கீட்டை ஒட்டிய உறைகளில் மறைத்து வைத்தார். 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர்; 52 பேர் ஓய்வு மட்டுமே பெற்றனர்.

ஆறு மாத முடிவில் முதற்குழுவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்திருந்தனர். வீதம் முறையே 7, 27 விழுக்காடு.

இப்போது மருந்துக்கு எவ்விளைவும் இல்லை என்று கொள்வோம். அவ்வாறாயின் அந்தப் 18 பேரும் எக்குழுவில் இருந்தாலும் இறந்திருப்பர். 107 சீட்டுகளுள் 18-இல் மட்டும் புள்ளியிட்டு, நன்கு குலுக்கி, 55 சீட்டுகளை எடுங்கள். சராசரியாக 9 புள்ளிச் சீட்டுகள் வரவேண்டும். நான்கோ அதனினும் குறைவோ வருவது நூற்றில் ஒரு முறைக்கும் குறைவு. ஆகவே தற்செயல் என்னும் விளக்கம் வலுவிழக்கிறது. (வகுப்பறையில் இதனை மெய்யாகவே செய்து பார்க்கலாம்; சூத்திரத்தைவிட மனத்தில் நிற்கும்.)

இங்கு மாணவர் பலர் வழுக்குவர். 'மருந்து பயனற்றதாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று' என்பது இதன் பொருளன்று. மருந்து பயனற்றது என்று கொண்டால் இத்தகைய வேறுபாடு தோன்றும் வாய்ப்பே அது. பயனின் அளவையும் அது கூறாது. அதற்கு நம்பிக்கை இடைவெளி வேண்டும்: இறப்பு வீதக் குறைவு ஏறத்தாழ 6 முதல் 33 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை எங்கும் இருக்கலாம். மிக அகன்ற இடைவெளி! 107 பேரிடமிருந்து இதனினும் துல்லியம் எதிர்பார்த்தல் தகாது.

அதே நோயாளிகளை ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து கண்காணித்தபோது, மருந்துக் குழுவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் இறந்திருந்தனர். சீட்டுகளை மீண்டும் குலுக்கினால், இத்தகைய வேறுபாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை தானாகவே வரும். முதற்கணக்கு பிழையா? அன்று. அது ஆறு மாத வினாவுக்குரிய விடை. இரண்டாம் கணக்கும் மருந்து வீண் என்று நிறுவவில்லை. தற்செயலை விலக்க இயலவில்லை என்று மட்டுமே கூறுகிறது.

காரணம் கிருமிகளிடம் இருந்தது. சிகிச்சை பெற்றோர் பலரின் உடலில் அவை மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் பெற்றுவிட்டன. ஆகவே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஸ்ட்ரெப்டோமைசினுடன் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்து மீண்டும் ஓர் ஆய்வு நடத்தியது. இரண்டும் சேரும்போது அவ்வெதிர்ப்பு பெரிதும் குறைகிறது என்னும் முடிவு 1950-இல் வெளியாயிற்று.