துட்டு ஏறலை, சைட் திறக்கலை: கல்லூரியில் யாரிடம் சொல்வது?

கம்ப்யூட்டர் லேபில் ஓரத்து மெஷினை ஆன் செய்து உதவித்தொகைக்கான தளத்தைத் தட்டுகிறார் ஒரு மாணவி. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரிக்கை வருகிறது. பக்கத்து மெஷினில் அதே தளம் மளமளவென்று திறக்கிறது. ‘நெட் வரலை சார்’ என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுகிறார். நெட்டில் கோளாறு ஏதும் இல்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தால், தேதி பல ஆண்டுகள் பின்னால் நிற்கும். மதர்போர்டில் கடிகாரத்துக்கென்றே சிஆர் 2032 என்ற வட்டமான சிறு பேட்டரி ஒன்று உண்டு. அது செத்துவிட்டால், கரண்ட் நின்றதும் மெஷின் தேதியை மறந்துவிடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை செல்லும் என்ற கணக்கில் இயங்குகிறது. மெஷினின் தேதி அந்த வரம்புக்குள் இல்லையென்றால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும்.

பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி. மாற்ற ஐந்து நிமிடம். ஆனால் அந்த மாணவி இதை யாரிடம் சொல்ல வேண்டும்? பல கல்லூரிகளில் இதற்குத் தெளிவான பதில் கிடையாது. ‘பழுது’ என்று ஒரு தாளை ஒட்டிக்கொண்டு அந்த மெஷின் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் வட்டாரப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி வள்ளியூர், வடக்கன்குளம், பணகுடி என்றோ, இன்னும் தள்ளி நாகர்கோவில், பாளையங்கோட்டை என்றோ போய்ப் படிக்கிறார்கள். ஒரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம், இன்னொரு பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. தொழில்நுட்பத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். ஆனால் கல்லூரி வேலைகள் பலவும் ஆன்லைனுக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில், பாஸ்வேர்ட் மறந்தால், பெயர் பொருந்தாமல் போனால், லேப்டாப் உயிர் விட்டால் போய் நிற்க ஒரு ஜன்னல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

சேர்க்கைக்கு விண்ணப்பம் ஆன்லைன். அரசு உதவித்தொகை யூமிஸ் என்கிற பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பில். ‘நான் முதல்வன்’ பயிற்சி ஒரு தளம், ஸ்வயம் பாடம் இன்னொரு தளம். பாடக் கிரெடிட் சேமிப்புக்கு அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். இவற்றில் எது சிக்கினாலும் மாணவர் தேடிப் போகும் ஆட்கள் மூவர்: லேப் அசிஸ்டென்ட், யூமிஸ் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் ஏதோ ஒரு துறை ஆசிரியர், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி. இவர்களில் ஒருவருக்குக்கூட ‘மாணவரின் கம்ப்யூட்டர் சிக்கலைத் தீர்ப்பது’ என்பது வேலை ஆணையில் எழுதப்பட்ட பணி அல்ல.

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. சென்னை ஐஐடிக்கு 1973-இல் ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தபோது, வளாகத்துக்கே அது ஒரே பெரிய எந்திரம். மாணவர் துளையிட்ட அட்டைக் கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போவார்; அச்சடித்த தாள் பிறகு வரும். எந்திரம் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் பலர். இன்று ஆளுக்கொரு எந்திரம் பையில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் ஆட்கள்தான் எந்தக் கணக்கிலும் இல்லை.

பெரிய பல்கலைக்கழகங்களில் ‘ஹெல்ப் டெஸ்க்’ என்ற பெயரில் நடப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. புகார் வந்ததும் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். எளியதை முன்வரிசை ஆளே முடிப்பார். முடியாததை அடுத்த நிலைக்குத் தள்ளுவார். எண் மூடப்படும்வரை அது யாரோ ஒருவர் பெயரில் நிற்கும். இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. தனித்தனிப் புகாரைத் தீர்ப்பது ஒரு வேலை, ஒரே புகார் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பது இன்னொரு வேலை. நாற்பது மெஷினையும் ஒரே ஆண்டில் வாங்கியிருந்தால் நாற்பது பேட்டரியும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் சாகும். புகாரை எழுதி வைத்தவருக்குத்தான் இது கண்ணில் படும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு நாற்பது தனித்தனித் தொல்லை.

பணம் எங்கே போனது?

நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் புகாருக்கு வருவோம். புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்வியில் சேர்ந்த மாணவிகளுக்கு முன்னதிலும், மாணவர்களுக்குப் பின்னதிலும் மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் விரிவாக்கப்பட்டது. பஸ் செலவு, நோட்டு, செல்போன் ரீசார்ஜ் என்று பல வீடுகளில் இந்த ஆயிரத்துக்கு முன்கூட்டியே கணக்கு போட்டிருப்பார்கள்.

“அண்ணாச்சி, ரெண்டு மாசமா துட்டு ஏறல.”

“ஏம்மா, ஆதார் எந்த பேங்க்ல சீடிங் ஆயிருக்கு?”

“பாஸ்புக் இருக்குற பேங்க்லதான். அன்னைக்கே எழுதிக் குடுத்தோம்லா.”

பிரவுசிங் சென்டரில் தினமும் நடக்கும் பேச்சு இது. மைஆதார் தளத்தில் நுழைந்து ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் வேறு வங்கியின் பெயர் வரும். வீட்டு வாசலில் யாரோ கைரேகை வாங்கித் திறந்துவிட்டுப் போன கணக்கு. அம்மாவுக்கும் நினைவில்லை, மகளுக்கும் நினைவில்லை.

இது எப்படி நடக்கிறது? ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் பாஸ்புக் எண்ணைப் பார்த்துப் போவதில்லை. தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்று அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அதன் பெயர். பணம் அங்கே போகும். ஆகவே ‘வரவில்லை’ என்று நினைத்த பணம் பல நேரம் வேறொரு கணக்கில் பத்திரமாகக் கிடக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. வேண்டிய வங்கிக்குப் போய் ஆதார் சீடிங்குக்கு மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதாரைக் கணக்கில் ‘இணைப்பது’ வேறு, மானியத்துக்காக ‘சீடிங்’ செய்வது வேறு என்பதை வங்கிக் கவுண்டரிலேயே சிலர் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால், சீடிங் என்று அழுத்திச் சொல்லிக் கேட்பது நல்லது.

அடுத்த பெரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் தகவல் அமைப்பின் பதிவில் இனிஷியல் முன்னால், இடையில் ஒரு புள்ளி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மாணவர்களுக்கான அபார் என்ற அடையாள எண் உருவாக்கும்போதும் கிரெடிட் கணக்கு திறக்கும்போதும் ஆதாரில் உள்ளபடி பெயர் பொருந்த வேண்டும் என்பதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கூடுதல். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மனத்தில் வைத்து வரைந்த படிவங்கள் இவை என்பது என் எண்ணம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரு தளம் ஏற்கவில்லை என்று ஓடிப்போய் மாற்றிவிட்டு, அடுத்த தளத்துக்காக மறுபடி மாற்றினால் கையிருப்பு தீர்ந்துவிடும். முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை முன்னால் வைத்து, அதற்கு ஏற்ப மற்றதைத் திருத்துவதே புத்திசாலித்தனம்.

பிரவுசிங் சென்டர் அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும் ஒரே உதவி மையம் அதுதான். ஆனால் அவசரத்தில் விண்ணப்பத்தில் தன் மின்னஞ்சலையோ தன் செல் எண்ணையோ போட்டுவிடும் பழக்கம் சில கடைகளில் உண்டு. ஓராண்டு கழித்து பாஸ்வேர்டை மீட்க ஓடிபி கேட்டால் அது கடைக்காரர் போனுக்குப் போகும். அதற்குள் அவர் எண்ணை மாற்றியிருப்பார்.

தூசி, ரப்பர், ஒரு டாலர்

ஆனி, ஆடியில் காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று செம்மண் தூசியையும் அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியே லேபுக்குள் வருகிறது. கரையோரம் போகப் போக உப்புக்காற்றும் சேரும். மெஷின் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால் நம்மூர் லேப் அசிஸ்டென்ட் முதலில் கேட்பது பென்சில் ரப்பரை. கேபினட்டைத் திறந்து ரேம் பலகையை உருவி, அதன் அடியில் உள்ள பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திச் செருகுவார். பாதி நேரம் மெஷின் பிழைத்துக்கொள்ளும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த வைத்தியம் அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடும். எழுதி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

ரப்பருக்கு அடங்காத சிக்கல் ஒன்று இப்போது வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆன பிராசஸர் வேண்டும். பழைய லேப் மெஷின்கள் பல இதில் தேறாது. கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு சலுகை வைத்திருக்கிறது: நீட்டித்த பாதுகாப்புக்கு மெஷின் ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. நாற்பது மெஷின் லேபுக்கு முதல் ஆண்டுச் செலவு 40 டாலர்தான். இல்லையென்றால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். இரண்டில் எதுவானாலும் முடிவெடுத்து விண்ணப்பிக்க ஒருவர் வேண்டும்.

கல்லூரிகளுக்கு மதிப்பெண் போடும் நாக் அமைப்பு மாணவர்-கணினி விகிதத்தைக் கேட்கிறது, இணையத்தின் வேகத்தைக் கேட்கிறது, பராமரிப்புச் செலவையும் கேட்கிறது. கெட்டுப்போன மெஷின் எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இருந்தால், கல்லூரிகளின் போக்கே மாறும் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

அரசின் கணக்கும் எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், சில ஆண்டுகள் முன் அது நிற்கும்வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கைமாறின. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. நல்ல திட்டம், வீட்டில் வேறு கம்ப்யூட்டரைக் கண்டிராத பிள்ளைகள் ஏராளம். முந்தைய சுற்றில் வாரண்டி முடிந்த பிறகு சார்ஜர் பின் ஆட்டம் கண்டும் பேட்டரி உப்பியும் பரணுக்குப் போனவை எத்தனை என்று யாராவது எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதே கதைதான் மின்னிதழ்களிலும். 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் மாணவருக்கு ஒரு லாகின் வேண்டும். கல்லூரியில் ஒருவர் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை ஏற்ற வேண்டும். அது நடக்காத இடத்தில் 13,000 இதழ்களும் இருந்தும் இல்லாததுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஹெல்ப் டெஸ்க் நடத்துவதற்கான மென்பொருள் உருவாவதே நம் பக்கத்தில்தான். 2019-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருநெல்வேலியோடு இருந்த தென்காசியில், மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தது. புகாருக்கு எண் கொடுத்து, ஆள் ஒதுக்கி, முடியும்வரை துரத்தும் ‘ஸோஹோ டெஸ்க்’ அங்கே வளர்ந்த சரக்கு. உலகம் முழுவதும் விற்கிறது.

கல்லூரிகள் அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு போதும்: தேதி, பெயர், சிக்கல், யார் பார்த்தார், எப்போது முடிந்தது. மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் ஒரு மேசை. இறுதியாண்டு பிசிஏ மாணவர் இருவர் முறை வைத்து உட்காரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்குக் கூலிக்கு மாணவர்களே இந்த மேசையில் இருப்பது சகஜம். இங்கும் கூலி கொடுத்துச் செய்வதுதான் முறை. சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கினால் இரண்டாம் மாதம் மேசை காலியாகிவிடும். அடுத்தவர் பாஸ்வேர்டைக் கேட்கவும் கூடாது, தட்டச்சு செய்து கொடுக்கவும் கூடாது என்பது மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு மேசை வரும்வரை மாணவர் கையில் இருப்பது கொஞ்சம்தான். விண்ணப்பம் எதுவானாலும் சொந்த மின்னஞ்சல், குறைந்தது படிப்பு முடியும்வரை மாற்றாத ஒரு செல் எண். யூமிஸ் எண்ணையும் எமிஸ் எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைப்பது. கடையில் இறக்கிய ஆதார் நகலை வெளியேறும் முன் அழிக்கச் சொல்வது. ‘உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று போன் வந்து, சொல்லியும்விட்டால், கல்லூரி அலுவலகம் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அடிக்க வேண்டும்.