மென்பொருளின் எண் தரும் வாக்குறுதி

சுரங்கம்-1, சுரங்கம்-1ஏ, சுரங்கம்-2. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் இடங்களுக்கு இவைதான் பெயர். அனல்மின் நிலையங்களும் அப்படியே: முதலாவது, இரண்டாவது, பிறகு இரண்டுக்கும் ‘விரிவாக்கம்’. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக வந்ததன் பெயர் ‘புதிய அனல்மின் நிலையம்’. எது முந்தியது, எது எதன் நீட்சி என்று பெயரே சொல்லிவிடும். ‘புதிய’ என்ற அடைமொழி மட்டும் இன்னொன்று கட்டியதும் பொருந்தாமல் போகும்.

பலர் கூடி எழுதி, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளிலும் எது முந்தியது, எது புதியது என்ற கேள்வி அன்றாடம் எழுகிறது. அதற்குப் பலர் பின்பற்றும் விடை, புள்ளியிட்டுப் பிரித்த மூன்று எண்கள். 2.4.1 என்பதில் கடைசி எண் கூடினால் பிழை திருத்தியிருக்கிறார்கள். நடு எண் கூடினால் புது வசதி வந்திருக்கிறது, பழையது கெடவில்லை. முதல் எண் மாறினால் எச்சரிக்கை: நேற்றுவரை ஓடியது இன்று ஓடாமல் போகலாம். இவை தசம எண்கள் அல்ல, 2.9-க்கு அடுத்து 2.10 வரும்.

முதல் எண்ணின் கனத்தைப் பைத்தான் என்னும் நிரல்மொழி காட்டியது. 2008-இல் பைத்தான் 3.0 வந்தபோது பழைய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. எல்லாரும் மாற்றி எழுதிக்கொள்ள நீண்ட அவகாசம் தந்து, 2020 ஜனவரி 1-இல்தான் பைத்தான் 2-க்கான ஆதரவை நிறுத்தினார்கள்.

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு காலத்தையே எண்ணாக்கியது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். பழையதா, புதியதா என்பது பார்த்ததும் புரியும்.

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் எண்ணோடு பெயரையும் சேர்த்துக்கொண்டது. 1995-இல் ஒரு குறுந்தகடு நிறுவனம் முடிவடையாத டெபியனை 1.0 என்று தவறாக அச்சிட்டு விற்றுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க, 1996-இல் வந்த உண்மையான வெளியீடு 1.1 ஆனது. அதுமுதல், உருவாகும்போது ‘டாய் ஸ்டோரி’ திரைப்படப் பாத்திரத்தின் பெயர், வெளியாகும்போதுதான் எண் என்பது வழக்கமாயிற்று.

டெபியனை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதே வழியில் 5.0 ‘அனோகா’, 6.0 ‘அனூப்’ என்று எண்ணோடு பெயரும் சூட்டியது. தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் இந்த பாஸும் இருந்தது.

எண் என்பது எழுதியவர் பயனருக்குத் தரும் வாக்குறுதி. உங்கள் கணினியில் ஓடும் பதிப்பு எது, அதற்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று இன்றே பாருங்கள். முதல் எண் மாறும் முன் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். கடைசி எண் கூடினால் தயங்காமல் புதுப்பியுங்கள். பிழையைத் தெரிவிக்கும்போது முழு எண்ணையும் எழுதுங்கள்; திருத்துபவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.