ஐநூறு டன் பஞ்சு

கோடைக்காலப் பிற்பகலில் ஊருக்கு மேலே தனியாக நிற்கும் வெள்ளை மேகத்தைப் பார்த்தால் பஞ்சுப் பொதிதான் நினைவுக்கு வரும். அதன் எடை அப்படி லேசானதல்ல. இத்தகைய திரள் மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம் தண்ணீர் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 500 டன். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐம்பது!

இவ்வளவு கனம் ஏன் தலையில் விழவில்லை? விழுந்துகொண்டுதான் இருக்கிறது, மிக மெதுவாக. மேகத் துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. காற்றில் அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும்; ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேலாகும். அதற்குள் கீழிருந்து எழும் காற்று அதை மேலே தள்ளிவிடும், இல்லையேல் துளியே உலர்ந்துவிடும். இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாகும்.

மேகம் என்றால் நீராவி என்று பலரும் நினைக்கிறார்கள். நீராவி கண்ணுக்கே தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை ஒட்டிச் சிறிது இடம் வெறுமையாக இருக்கும். அங்கே இருப்பதுதான் நீராவி. சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளியானது. அதாவது அடுப்படி மேகம்.

வானத்திலும் இதே கதைதான். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஈரம் துளியாகாத வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். குறிப்பிட்ட உயரத்தில் ஈரம் துளியாகத் தொடங்கும். திரள் மேகங்களின் அடிப்பக்கம் வெட்டிவிட்டதுபோலத் தட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும்போது வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு மழையில் ஊறுகிறது. அதே காற்று கிழக்கே சமவெளிக்கு இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது, மேகம் கரைகிறது. கொங்கு நாடு மழை மறைவுப் பகுதியானது இப்படித்தான்.

மேகங்களுக்கு முறையான பெயர் வைத்தவர் வானிலை அதிகாரி அல்ல, லண்டனில் மருந்து தயாரித்து வந்த லூக் ஹோவர்ட். 1802இல் அவர் ஓர் உரையில் முன்வைத்த கீற்று, திரள், படை, கார் என்ற பிரிவுகளின் விரிவைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. இவற்றில் பிரம்மாண்டமானது இடி இடிக்கும் கார்திரள் மேகம். நம் வெப்ப மண்டலத்தில் 16 கிலோமீட்டரையும் எட்டும். அதற்கு மேலுள்ள அடுக்கில் ஓசோன் வெயிலை உறிஞ்சுவதால் வெப்பநிலை ஏறுமுகம். எழுந்து வந்த காற்று அங்கே கூரையில் முட்டியதுபோலப் பக்கவாட்டில் பரவும். விமானிகள் இந்த மேகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

மேகம் உருவாகக் குளிர்ச்சி மட்டும் போதாது. ஈரம் ஒட்டிக்கொள்ளத் தூசியோ புகையோ கடல் உப்போ வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஊதுவத்திப் புகையைச் சிறிது உள்ளே விட்டு இறுக மூடுங்கள். பாட்டிலை நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள், உள்ளே வெண்மை படரும். புகை இல்லாமலும் ஒருமுறை செய்து பாருங்கள்.