பாம்பு விஷத்தை நம்பி ஒரு கூட்டுறவுச் சங்கம்

செஞ்சிக்கு அருகே பனமலையில் நெல் அறுவடையான வயலொன்றில் நின்றிருந்தேன். எலி வளையிலிருந்து வெளிவந்த சாரைப்பாம்பை ஒருவர் தடியால் அடித்துப் போட்டார். "கூலி வாங்காமல் எலி பிடித்த ஆளைக் கொன்றுவிட்டீர்களே" என்றேன். "கடித்தால் யார் பொறுப்பு, ஐயா?" என்றார்.

சாரைக்கு விஷமில்லை. ஆனாலும் அவர் பயம் நியாயமானது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்தவர்கள்.

பாம்பு கடித்தவருக்குப் போடும் விஷமுறிவு ஊசிக்குப் பாம்பின் விஷமே மூலப்பொருள். சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இந்த விஷத்தில் பெரும்பகுதியை நெடுங்காலமாகக் கொடுத்து வருவது, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, 1978இல் சங்கம் பிறந்தது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடிக்கிறார்கள். மண்பானையில் மூன்று வாரம் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பு சாவதில்லை, உறுப்பினருக்குப் பாம்பின் இனத்துக்கேற்பப் பணம் கிடைக்கிறது.

ஆனால் வரவுக் கணக்கைப் பார்த்தால் கவலைதான். விற்கும் சரக்கு ஒன்றே. வாங்குவோர் ஒரு சில மருந்துக் கம்பெனிகள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். அது தாமதமானால் அந்தப் பருவமே போயிற்று. மழை தவறிய மானாவாரி நிலக்கடலைக்காரர் நிலைதான். உலர்த்திய விஷத்தூள் நெடுநாள் கெடாது. ஆயினும் விற்காத தூள் குடும்பத்துக்குச் சோறு போடாது. பார்வையாளர் கட்டணம் இரண்டாவது வரவு. 2020 கொரோனா ஊரடங்கில் அதுவும் நின்றது.

இன்னொன்றும் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுபடுவதை ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே, பல மாநிலங்களிலும் விஷம் சேகரிக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நோயாளிக்கு அது நல்லது. தமிழ்நாட்டு விஷத்தை மட்டும் விற்கும் சங்கத்துக்கோ சந்தை சுருங்கலாம். அப்படி நடந்தால் இருளர்களின் திறமையையே மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் வெளிநாடு சென்றும் பாம்பு பிடித்தவர்கள்.

எலி பிடிப்பதிலும் இருளர்கள் வல்லவர்கள். வளையைத் தோண்டினால் எலியோடு அது பதுக்கிய நெல்லும் வெளிவரும். நாம் அவர்களுக்குக் கொடுக்கும் கூலி, விஷம் விற்காத மாதங்களில் கைகொடுக்கும். மாமல்லபுரம் போகும்போது வடநெம்மேலியில் இறங்கி, விஷம் எடுப்பதைப் பாருங்கள். அந்த நுழைவுச் சீட்டுப் பணமும் சங்கத்தின் வரவில் சேரும்.