அணையாடை மாற்றும் மேசை எங்கே இருக்க வேண்டும்?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு ஒரு நாளில் ஏறத்தாழப் பத்து முறை அணையாடை மாற்ற வேண்டியிருக்கும். குழந்தை வளர வளர இந்த எண்ணிக்கை குறையும். ஆயினும், குழந்தை கழிப்பறைக்குச் செல்லப் பழகும்வரை இந்தத் தேவை நீங்குவதில்லை. ஈரமான அணையாடை நெடுநேரம் உடலோடு ஒட்டியிருந்தால் குழந்தையின் மென்மையான தோல் சிவந்து தடிக்கும். சிறுநீரும் மலமும் கலந்துவிட்டால் எரிச்சல் இன்னும் அதிகமாகும். வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில், வீட்டிற்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது குழந்தைக்குத் துன்பத்தையே தரும்.

வீட்டில் அணையாடை மாற்றுவது எளிது. ஒரு பாயோ மெத்தையோ போதும். வெளியிடங்களில் நிலைமை வேறு. கழிப்பறையின் தரை ஈரமாக இருக்கும். கை கழுவும் தொட்டியின் ஓரம் குறுகலாகவும் வழுக்கலாகவும் இருக்கும். உணவங்காடி நிலையத்தின் மேசை பிறர் உணவு உண்ணும் இடம். தள்ளுவண்டியின் இருக்கையில் குழந்தையைச் சமமாகக் கிடத்த முடியாது. அதனால்தான் கடைத்தொகுதிகள், விமான நிலையங்கள், மருத்துவமனைகள், நூலகங்கள், விலங்குத் தோட்டங்கள் போன்ற, குடும்பங்கள் அதிகம் வரும் இடங்களில் அணையாடை மாற்றும் மேசைகள் அமைக்கப்படுகின்றன.

இந்த மேசைகளில் பல, சுவரில் பொருத்தப்பட்டவை. வேண்டும்போது கீழே இறக்கலாம். வேலை முடிந்ததும் மேலே மடித்துவிடலாம். பார்ப்பதற்கு எளிய பலகைபோல இருந்தாலும், அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு. பெரியவர்கள் குனியாமல் வேலை செய்வதற்காக அது இடுப்பளவு உயரத்தில் பொருத்தப்படுகிறது. குழந்தை உருண்டு விழாதிருக்க அதன் விளிம்புகள் சற்று உயர்ந்திருக்கும். நடுவில் ஒரு பாதுகாப்புவார் இருக்கும். எளிதில் துடைப்பதற்கு ஏற்றவாறு மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். பையை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, அருகிலேயே கை கழுவும் தொட்டி ஆகியவையும் இருந்தால்தான் வசதி முழுமை பெறும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இடர்ப்பாடு ஏற்படும். குப்பைத்தொட்டி தொலைவில் இருந்தால், பெற்றோர் குழந்தையை மேசைமீது விட்டுவிட்டு நகர வேண்டியிருக்கும். பல குழந்தைகள் நான்கு மாத வயதிலேயே உருளத் தொடங்கிவிடுகின்றன. எனவே, பாதுகாப்புவார் இருந்தாலும் ஒரு கை எப்போதும் குழந்தையின்மீது இருப்பதே பாதுகாப்பானது.

மேசை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் போலவே, அது எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியமான கேள்வி. நெடுங்காலமாகப் பல நாடுகளில் இந்த மேசைகள் பெண்கள் கழிப்பறைகளில் மட்டுமே இருந்தன. குழந்தையைக் கவனிப்பது தாயின் வேலை என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. கட்டடத்தை வடிவமைத்தவர்கள் யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால், அந்த எண்ணம் சுவரில் பொருத்தப்பட்ட பிறகு அதுவே நடைமுறையாகிவிடுகிறது.

எட்டு மாதக் குழந்தையுடன் கடைத்தொகுதிக்குத் தனியாகச் செல்லும் ஒரு தந்தையை எடுத்துக்கொள்ளலாம். குழந்தை அழுகிறது, அணையாடையை உடனே மாற்ற வேண்டும். ஆண்கள் கழிப்பறையில் மேசை இல்லை. பெண்கள் கழிப்பறைக்குள் அவர் செல்ல முடியாது. அறிமுகமில்லாத ஒருவரிடம் குழந்தையைக் கொடுத்தனுப்பவும் மனம் வராது. பேரக் குழந்தையுடன் வரும் தாத்தாவுக்கும், அக்காவின் குழந்தையை அழைத்து வரும் தாய்மாமனுக்கும் இதே நிலைதான். இதன் சுமை தாய்மார்களின் தலையிலும் விழுகிறது. கணவர் உடன் இருந்தாலும், பாதி உணவில் எழுந்து செல்பவர் ஒவ்வொரு முறையும் தாயாகவே இருக்க வேண்டியுள்ளது.

இந்தச் சிக்கலை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது ஒரு புகைப்படம். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, ஆண்கள் கழிப்பறையில் மேசை இல்லாததால், சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி குந்திய நிலையில் தம் தொடைகளையே மேசையாக்கிக் குழந்தைக்கு அணையாடை மாற்றினார். அந்தப் படம் சமூக ஊடகத்தில் வேகமாகப் பரவியது. பல தந்தையர் தாங்களும் அப்படியே செய்வதாகப் படங்களைப் பகிர்ந்துகொண்டனர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். பொதுமக்கள் வந்து செல்லும் மத்திய அரசாங்கக் கட்டடங்களில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பாலாரும் பயன்படுத்தும் வகையில் அணையாடை மாற்றும் வசதி இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. ஆனால், உணவகங்களும் கடைகளும் அதில் அடங்கவில்லை. நியூயார்க் மாநிலம் ஒரு படி மேலே சென்றது. 2019 ஜனவரி முதல் அங்குப் புதிதாகக் கட்டப்படும் அல்லது பெருமளவில் புதுப்பிக்கப்படும் கட்டடங்களின் பொதுக் கழிப்பறைகளில் இரு பாலாருக்கும் இந்த வசதி வழங்கப்பட வேண்டும் என்பது விதியாயிற்று.

சிங்கப்பூரிலும் கட்டடங்களைப் பற்றிய சிந்தனை படிப்படியாக விரிந்துள்ளது. கட்டடங்களில் தடையின்றிச் சென்றுவருவதற்கான வழிகாட்டி விதிமுறைகள் 1990ஆம் ஆண்டில் அறிமுகமாயின. உடற்குறையுள்ளோரை மனத்தில் கொண்டு தொடங்கிய அந்த விதிமுறைகள், பின்னர் முதியோரையும் சிறு குழந்தைகளுடன் வருவோரையும் கருத்தில் கொண்டன. போக்குவரத்திலும் மாற்றம் வந்தது. 2017 ஏப்ரல் முதல், பொதுப் பேருந்துகளில் தள்ளுவண்டியை மடிக்காமலேயே கொண்டுசெல்ல அனுமதி வழங்கப்பட்டது.

தந்தையின் பங்கும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சிங்கப்பூரில் அரசாங்கம் ஊதியம் வழங்கும் தந்தையர் விடுப்பு, 2013ஆம் ஆண்டில் ஒரு வாரமாகத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டில் அது இரண்டு வாரங்களாயிற்று. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளின் தகுதியுள்ள தந்தையருக்கு நான்கு வார விடுப்பு உண்டு. மலேசியாவிலும் 2023 ஜனவரி முதல், தகுதிபெறும் தனியார் துறைத் தந்தையருக்கு ஏழு நாள் விடுப்பு நடப்புக்கு வந்தது. இவ்வாறு குழந்தையைக் கவனிக்கத் தந்தைக்கு நேரம் கொடுக்கப்படுகிறது. அந்த நேரம் பயன்பட வேண்டுமானால், அவர் வெளியே செல்லும்போது குழந்தையைக் கிடத்த ஓர் இடமும் இருக்க வேண்டும்.

அந்த இடத்தை மூன்று வழிகளில் ஏற்படுத்தலாம். முதல் வழி, ஆண்கள் கழிப்பறை, பெண்கள் கழிப்பறை இரண்டிலும் ஒவ்வொரு மேசை பொருத்துவது. இதற்குத் தனி அறை தேவையில்லை. இரண்டாவது வழி, யாரும் நுழையக்கூடிய தனிக் குடும்ப அறை அமைப்பது. இது வசதியானது, ஆனால் கூடுதல் இடம் தேவை. தாய்ப்பாலூட்டும் பகுதியும் அதே அறையில் இருந்தால், அதைத் திரை அல்லது கதவால் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தையர் உள்ளே செல்லத் தயங்குவர்; தாய்மார்களும் சங்கடப்படுவர். மூன்றாவது வழி, உடற்குறையுள்ளோருக்கான கழிப்பறையில் மேசையைப் பொருத்துவது. அது எல்லாருக்கும் பொதுவானது என்றாலும், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே காத்திருக்க நேரிடலாம். மேசையை மடிக்காமல் விட்டுச் சென்றால், அவர் உள்ளே திரும்புவதற்குக்கூட இடம் இருக்காது. ஒருவரின் வசதி மற்றவருக்குத் தடையாகாமல் பார்த்துக்கொள்வதும் வடிவமைப்பின் பொறுப்பாகும்.

சிறிய உணவகங்களின் உரிமையாளர்கள் இடமும் செலவும் போதாது என்று கூறுவதுண்டு. அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு. எனினும், மடிக்கும் பலகைக்குச் சிறிதளவு சுவர்ப்பகுதியே தேவை. ஒரே ஒரு மேசைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அதை இரு பாலாரும் செல்லக்கூடிய இடத்தில் வைத்தாலே சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மேசையைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வார் அறுந்து தொங்கும் மேசையும், துடைப்பமும் வாளியும் அடைத்து வைக்கப்பட்ட குடும்ப அறையும் இருந்தும் இல்லாதவையே. துப்புரவு ஊழியர்கள் அவற்றை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். நிர்வாகத்தினர் வார், கீல் முதலியவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும். பயன்படுத்துவோருக்கும் கடமை உண்டு. மேசையில் விரிக்க ஒரு துணியைக் கொண்டுவரலாம். அழுக்கான அணையாடையைச் சுருட்டி, பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். மேசையைத் துடைத்து மடித்துவிட்டுக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அடுத்து வருபவரும் ஒரு குழந்தையோடுதான் வருகிறார்.

வசதி எங்கே உள்ளது என்பதைக் காட்டும் அறிவிப்புப் பலகையும் கவனத்திற்குரியது. சில இடங்களில் பாவாடை அணிந்த ஒரு பெண் குழந்தையைக் குனிந்து பார்ப்பதுபோல் படம் வரையப்பட்டிருக்கும். அதைக் காணும் தந்தை, அந்த அறை தமக்கானது அன்று என்று எண்ணி விலகிச் செல்லக்கூடும். ஆண், பெண் வேறுபாடு காட்டாமல், ஒரு பெரியவரும் குழந்தையும் மட்டும் உள்ள படம் எல்லாரையும் உள்ளே அழைக்கும். படத்தை மாற்ற அதிகச் செலவு ஆகாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரைந்து வரும் தந்தையோ தாத்தாவோ மாமாவோ கதவருகே தயங்கி நிற்காமல் நேராக உள்ளே செல்ல அது உதவும்.