இணையப் பயனர் அனுபவத்தில் அசைவு வடிவமைப்பு: பயனும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

இணையப் பக்கங்களில் இடம்பெறும் அசைவு, திரையில் நிகழும் மாற்றத்தைப் பயனருக்கு உணர்த்தும் குறியாக இயங்குகிறது. அதே அசைவு, உட்செவிச் சமநிலைக் குறைபாடு உடையோருக்குத் தலைச்சுற்றலையும் குமட்டலையும் தோற்றுவிக்கக்கூடும். இவ்விரு இயல்புகளையும் ஒருங்கே நோக்கி, அசைவை நீக்கிய பின்னும் செய்தி குறையாதிருத்தலே நல்ல அசைவு வடிவமைப்பின் அளவுகோல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைவு வடிவமைப்பு, பயனர் அனுபவம், இடைமுகம், அணுகல்தன்மை, உட்செவிச் சமநிலை.

முன்னுரை

டிஸ்னி நிறுவனக் கலைஞர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகியோர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' என்னும் நூலில் அசைவூட்டத்தின் 12 அடிப்படை நெறிகளைத் தொகுத்துரைத்தனர். 1993ஆம் ஆண்டில் பே-வெய் சாங், டேவிட் உங்கர் ஆகிய ஆய்வாளர்கள், கார்ட்டூன் அசைவூட்ட நெறிகளைக் கணினி இடைமுகத்திற்குப் பொருத்திக் காட்டினர். 2014ஆம் ஆண்டில் கூகுள் அறிமுகப்படுத்திய 'மெட்டீரியல் டிசைன்' வடிவமைப்பு முறையிலும் அசைவு முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

அசைவின் பணிகள்

இடைமுகத்தில் அசைவு ஆற்றும் பணிகளைத் தொடர்ச்சி, பின்னூட்டம், கவன ஈர்ப்பு என மூவகைப்படுத்தலாம். பட்டியலிலிருந்து ஒரு வரி நீக்கப்படும்போது கீழுள்ள வரிகள் மெல்ல மேலேறி அவ்விடத்தை நிரப்பின், எது மறைந்தது என்பதைப் பயனர் கண்வழியே அறிகிறார். இது தொடர்ச்சி. பொத்தானை அழுத்தியவுடன் அது சற்றே உள்வாங்குவது பின்னூட்டம். புதிய செய்தி வந்ததைக் குறிக்கும் சிறு துடிப்பு கவன ஈர்ப்பு.

இவற்றுள் காலஅளவு இன்றியமையாதது. ஜேக்கப் நீல்சன் வகுத்துரைத்த வரம்புகளின்படி, 0.1 நொடிக்குள் கிடைக்கும் மறுமொழி உடனடியானதாக உணரப்படுகிறது. 1 நொடி வரையில் எண்ணவோட்டம் அறுபடுவதில்லை. 10 நொடியைக் கடந்தால் கவனம் சிதறுகிறது. ஆகவே, காண இனிதாயினும் நீண்டுசெல்லும் அசைவு பயனரைக் காக்கவைக்கும் தடையாகிவிடுகிறது.

அசைவின் கேடு

உடல் அசையாதிருக்கையில் திரை பெருமளவில் அசையுமாயின், கண் தரும் செய்தியும் உட்செவி தரும் செய்தியும் முரண்படுகின்றன. சமநிலைக் குறைபாடு உடையோர் இம்முரணால் பெரிதும் துன்புறுகின்றனர். 2013ஆம் ஆண்டில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 7 இயங்குதளத்தின் உருப்பெருக்க அசைவுகள் குமட்டல் தருவதாகப் பயனர் பலர் முறையிட்டனர். அவ்வாண்டிலேயே வந்த 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தெரிவுசெய்வோருக்கு உருப்பெருக்கத்திற்கு மாற்றாக மெல்ல மங்கித் தோன்றும் முறை வழங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் சஃபாரி 10.1 உலாவி, 'ப்ரிஃபர்ஸ் ரெடியூஸ்டு மோஷன்' என்னும் வினவலின் வழி இத்தெரிவை இணையத்தளங்களும் அறிய வகைசெய்தது. இன்று முதன்மை உலாவிகள் அனைத்தும் இதனை ஏற்கின்றன.

தரநெறிகளில் ஓர் இடைவெளி

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகள் ஏ, ஏஏ, ஏஏஏ என்னும் மூன்று நிலைகளை உடையன. தானே தொடங்கி, பிற உள்ளடக்கத்துடன் சேர்ந்து 5 நொடிக்கு மேல் நீளும் அசைவை நிறுத்தும் வழி இருத்தல் வேண்டும் என்பது ஏ நிலை விதி. பயனரின் செயலால் தூண்டப்படும் அசைவை, அது இன்றியமையாததாக இருந்தாலன்றி, முடக்கும் வழி இருத்தல் வேண்டும் என்னும் விதி 2018ஆம் ஆண்டின் 2.1 பதிப்பில் ஏஏஏ நிலையிலேயே சேர்க்கப்பட்டது. அமெரிக்க நீதித்துறை 2024ஆம் ஆண்டில் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையத்தளங்களுக்கு வகுத்த விதி ஏஏ நிலையையே கோருகிறது. எனவே, ஒரு தளம் சட்டப்படி குறையற்றதாக இருந்தும் சமநிலைக் குறைபாடு உடையோரை வருத்தக்கூடும். அவர்தம் நலன் வடிவமைப்பாளரின் பொறுப்புணர்வையே சார்ந்து நிற்கிறது.

செயற்படுத்தும் முறை

அசைவைக் குறைத்தல் என்பது அனைத்து அசைவையும் அகற்றுதல் ஆகாது. நகர்தல், உருப்பெருக்கம், பின்னணி வேறு வேகத்தில் உருளுதல் ஆகியவற்றை மங்கல் மாற்றமாகவோ உடனடி மாற்றமாகவோ அமைத்தல் போதும். கடவுச்சொல் தவறாயின் உள்ளீட்டுப் பெட்டி குலுங்குவதை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். குலுக்கல் ஒன்றே பிழையை அறிவிக்குமாயின், அசைவைக் குறைத்தவருக்கும் திரைபடிப்பான் வழிக் கேட்பவருக்கும் பிழை நேர்ந்ததே தெரியாது. பிழைச்செய்தி எழுத்தில் இருப்பின் குலுக்கல் துணையாக மட்டும் நிற்கும்.

முடிவுரை

மாற்றத்தை உணர்த்துவதே இடைமுக அசைவின் தலையாய பணி. அப்பணியை எழுத்தும் அமைப்பும் முதலில் ஏற்க, அசைவு அவற்றுக்குத் துணைசெய்தல் வேண்டும். அசைவை முற்றிலும் நிறுத்திப் பக்கத்தைச் சோதித்தல் இதனை அறிதற்குரிய எளிய வழியாகும். அந்நிலையிலும் பயனர் தம் பணியை முடிக்க இயலுமாயின், அவ்வடிவமைப்பு அனைவருக்கும் உரியது எனலாம்.